அணைக்கச் சொன்ன கை

தூக்கிய கைகளை, மெஷின் ரிப்பேர் பார்க்கும் ஃபிட்டர் எண்ணினார். நம்பிக்கை வராமல் மறுபடியும் எண்ணினார். இரண்டு பக்கமும் சரிசமம். பாட்டில் தொழிற்சாலையின் வாசலுக்கு வெளியே, லாரிகள் நிற்கும் பொட்டலில் கூடியிருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இந்த மாதம் சங்கச் செயலாளர் நான். பெருமைப்பட ஒன்றுமில்லை. எங்கள் சங்கத்தில் தலைவர் கிடையாது, சம்பளத்துக்கு ஆள் கிடையாது. பூட்டிய அறைக்குள் முதலாளியோடு உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுவிட்டு, வெளியே வந்து எங்கள் முதுகில் தட்டிக்கொடுக்கும் பழைய சங்கத்தைப் பார்த்துச் சலித்துத்தான் இதை ஆரம்பித்தோம். தெருக்குழாயில் குடம் வைப்பதுபோல, செயலாளர் வேலை ஆளுக்கு ஒரு முறை வரும். செயலாளர் கை தூக்கக் கூடாது. சமமாக வந்தால் மட்டும் ஒரு பக்கம் சொல்ல வேண்டும். சொன்னதைத் தன் கையாலேயே செய்யவும் வேண்டும். அடுத்தவரை ஏவிவிட்டு ஒதுங்கி நிற்பது முதலாளி புத்தி என்று முதல் நாளே பேசி வைத்திருந்தோம்.

பிரச்சினை உலை. ஸ்ட்ரைக் தொடங்கியதும் எல்லோரும் வெளியே வந்துவிட்டோம். உலைக்காரர்கள் மட்டும் முறை வைத்து உள்ளே போய் நெருப்பைப் பார்த்துக்கொண்டார்கள். உலை அணைந்தால் உள்ளே இருக்கும் கண்ணாடிக் குழம்பு பாறையாக இறுகிவிடும். கடப்பாரையால் உடைத்து, செங்கல் செங்கலாகத் திரும்பக் கட்ட மாதக்கணக்கில் ஆகும். ஒரு நாள் இந்த ஆலையை உழைக்கிறவர்களே நடத்துவார்கள், நம் சொத்தை நாமே கெடுக்கக் கூடாது என்றுதான் இதுவரை காத்து வந்தோம். இப்போது, எங்கள் வேலையைச் செய்யத் திங்கட்கிழமை பஸ்ஸில் கருங்காலிகளைக் கொண்டுவருகிறார்கள் என்று உறுதியாகிவிட்டது. உலையை அணைப்பதா வேண்டாமா என்பதற்குத்தான் கை தூக்கினோம்.

"எரியிற அடுப்ப அப்படியே அவங்க கையில குடுக்கப் போறோம்" என்றார் ஃபிட்டர். "அணைச்சிட்டா பஸ்ஸுல வர்றவன் எதை வச்சு பாட்டில் ஊதுவான்?"

எதிர்ப்பக்கம் பேசியவர் உலைக்காரர், என் வீட்டுக்காரர். "நாளைக்கு நம்மளுதுன்னு சொன்னது நீங்கதான். நம்மளுதுன்னு நிஜமாவே நெனச்சா அணைக்கத் தோணுமா?"

கத்தித்தான் சொன்னார். அவர் தொண்டை அப்படி. உலை இரைச்சலில் பேசிப் பழகி, வீட்டில் உப்பு கேட்டாலும் கத்தித்தான் கேட்பார். எங்களுக்குள் தினமும் சண்டை என்று பக்கத்து வீட்டில் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். கல்யாணத்தன்று விருந்து முடிவதற்குள் உலையைப் பார்க்க ஓடிய மனிதர். எனக்கொரு சக்களத்தி உண்டு, ராத்திரி பகல் எரிந்துகொண்டே இருப்பாள் என்று பெண்களிடம் சொல்லிச் சிரிப்பேன்.

இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. என் வேலை பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்து விரிசல் பார்ப்பது. நல்லது ஒரு கூடை, கெட்டது ஒரு கூடை. நடுவில் கூடை கிடையாது. ஆலை நம்முடையதாக வேண்டுமென்றால் முதலில் நாம் என்று ஒன்று இருக்க வேண்டுமே. அந்த பஸ் உள்ளே போய்விட்டால் ஆளுக்கொரு பக்கம் சிதறிவிடுவோம். செங்கல்லைத் திரும்பக் கட்டலாம், இந்தக் கூட்டத்தைக் கட்ட முடியாது. அப்படித்தான் எனக்குப் பட்டது. தப்பாகவும் இருக்கலாம்.

"அணைச்சிடலாம்" என்றேன், அவர் முகத்தைப் பார்க்காமல்.

யாரும் கைதட்டவில்லை. பேக்கிங் அக்கா என் தோளைத் தொட்டுவிட்டு விலகிக்கொண்டாள்.

உலை பார்க்கும் அடுத்த முறை அவருடையதுதான். அவருக்காகக் கதவைத் திறந்த வாட்ச்மேன், பின்னால் போன என்னைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிட்டார். அவர் நேராக உலையின் வால்வுகள் இருக்கும் இடத்துக்கு நடந்தார். எந்த வால்வு என்று சொல்லாமல் அவர் சும்மா நின்றிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்?

"இதுதான். மொதல்ல எண்ணெய், அப்புறம்தான் காத்து" என்று காதருகே கத்தினார்.

"உங்களுக்கு என் மேல கோவம் இல்லையா?"

"இருக்கு. அதுக்காக? எல்லாரும் சேந்து எடுத்த முடிவு." தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து வால்வுச் சக்கரத்தில் சுற்றினார். "வெறுங்கையால தொடாத. சுடும். மெதுவா திருப்பு."

திருப்பினேன். அழுகை வந்தது, அழுதுகொண்டே திருப்பினேன். இரைச்சல் இறங்கிக்கொண்டே போனது. காற்றையும் மூடியதும் அடியோடு நின்றது. வெளியே பொட்டலில் யாரோ இருமுவது கேட்டது.

"போதும், கைய எடு" என்று கத்தினார், எப்போதும்போல. அந்தக் குரல் தகரக் கூரையில் மோதித் திரும்பி வந்தது. அவரே திடுக்கிட்டுப் போனார்.

பிறகு உலையின் பார்வைத் துளைக்கு முன்னால் போய் நின்றார். உள்ளே இன்னும் செக்கச்செவேலென்றுதான் இருந்தது. அந்த வெளிச்சத்தில் அவர் உதடு அசைந்தது. ஏதோ சொன்னார். என்ன சொல்கிறார் என்று கேட்க, கல்யாணமான நாளிலிருந்து முதல்முறையாக, நான் அவர் பக்கத்தில் போக வேண்டியிருந்தது.