பொக்கிஷப் பலகை

மவுண்ட் வெல்லிங்டன் டெய்ரி என்ற மூலைக்கடையில் அந்த ஆங்கிலப் பத்திரிகையின் ஒரே ஒரு பிரதி மிச்சமிருந்தது. சுந்தரமூர்த்தி கடைக்குள் நின்றபடியே பக்கங்களைப் புரட்டிப் படம் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. வைக்கோல் தொப்பி, வாயில் அணைந்த பைப், கையில் செடி வெட்டும் கத்தரி, பின்னால் ரோஜாக்கள். ஆல்பர்ட் ஃபென்விக், இங்கிலாந்துத் தொலைக்காட்சியில் காலம் காலமாகத் தோட்டம் போடச் சொல்லிக்கொடுக்கும் கிழவர். இதே படத்தைத்தான் வியாழக்கிழமை சுந்தரமூர்த்தியின் அப்பா முதியோர் இல்லத்துப் பலகையிலிருந்து கிழித்துக் கசக்கிக் கழிப்பறைக்குள் போட்டிருந்தார். தடுக்க வந்த, அதே இல்லத்தில் வசிக்கும் மிஸஸ் விட்லாக்கைத் தள்ளியதில் அந்த அம்மாளின் மணிக்கட்டு பிசகிவிட்டது.

இல்லத்தின் மேலாளர் கேத்தரின் நல்ல பெண். தொலைபேசியில் ஒருமுறைகூடக் குரலை உயர்த்தவில்லை. "ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்னாலும் மிஸ்டர் முருகையா மன்னிப்புக் கேட்டுவிட்டால் நான் இதை இத்தோடு முடித்துவிடுவேன். இல்லையென்றால் அவரை மறதிப் பிரிவுக்கு மாற்ற வேண்டியிருக்கும். எனக்கு வேறு வழியில்லை" என்றாள்.

மறதிப் பிரிவு நகரத்தின் அந்தக் கோடியில், ஏவன்டேலையும் தாண்டி இருந்தது. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வருகிற வழியில் சுந்தரமூர்த்தி அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். எண்களை அழுத்தினால்தான் திறக்கும் கதவு. உள்ளே ஒரு கிழவி அந்தக் கதவையே பார்த்தபடி, கோட்டுப் போட்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாரோ அழைத்துப் போக வருகிறார்களாம். காலையிலிருந்து அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்று தாதி சொன்னாள். தினமும் அப்படித்தானாம். வீட்டுக்கு வந்து மனைவி நிர்மலாதேவியிடம் அவர் இதைச் சொல்லவில்லை. அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ், அதைவிட மோசமானதெல்லாம் பார்த்தவள். "நாம ரெண்டு பேரும் வேலைக்குப் போயிட்டா அப்பா மறுபடியும் குளியலறையில விழுந்து கெடப்பாருங்க. அன்னைக்கு நல்லவேளை, நான் சீக்கிரம் வந்தேன்" என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் போனபோது இல்லத்தின் கூடத்தில் தேநீருக்கு முந்தைய வாதம் நடந்துகொண்டிருந்தது. அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் போருக்குப் பின் கப்பலேறி வந்த ஆங்கிலேயர்கள். ஒவ்வொரு குளிர்காலத்திலும் அவர்களுக்கு இந்த விளையாட்டு உண்டு. பிரிட்டனின் பொக்கிஷம் என்று யாரையெல்லாம் சொல்லலாம்? பத்திரிகைகளில் வெட்டிய படங்களைச் சாப்பாட்டுக்கூடத்துக்குப் போகும் வழியில் ஒரு பலகையில் ஒட்டுவார்கள். ஒவ்வொரு படத்துக்குக் கீழும் ஒரு ஜாம் புட்டி. பிடித்தவரின் புட்டிக்குள் சட்டைப் பொத்தானைப் போட வேண்டும், அதுதான் ஓட்டு.

"ராணியின் அம்மா கணக்கில் வரமாட்டார். அவர் பொக்கிஷமாகவே பிறந்தவர்" என்றார் காது கேளாத ஒருவர், எல்லாருக்கும் கேட்கும்படி.

"பொக்கிஷமாகப் பிறக்கவில்லை, கல்யாணம் செய்துகொண்டு ஆனார்" என்றாள் இன்னொருத்தி. "போர்க்காலத்தில் பாடினாளே, அவள்தான் பொக்கிஷம். அந்தக் குரல் இல்லாவிட்டால் நாங்கள் அந்த நிலவறையிலேயே செத்திருப்போம்."

"தொலைக்காட்சியில் கொரில்லாவிடம் ரகசியம் பேசுவாரே, அவர்?"

"அவர் இன்னும் சின்னப் பையன். கொஞ்சம் வயதாகட்டும்."

மிஸஸ் விட்லாக் கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுந்தரமூர்த்தி பத்திரிகையை நீட்டியதும் அவள் முகம் மலர்ந்தது. "நீங்கள் இவ்வளவு சிரமப்பட்டிருக்க வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டே வாங்கி, படத்தை மடியில் வைத்து நீவினாள். "இந்த மனுஷர் ஒரு எறும்பைக்கூட மிதித்ததில்லை. உங்கள் அப்பா இவரை வேறு யாரென்று நினைத்தார்?"

"இவர் எப்போதாவது மலாயாவில் இருந்தாரா?" என்று கேட்டார் சுந்தரமூர்த்தி. அப்பா வளர்ந்தது அங்கே ஒரு ரப்பர் எஸ்டேட்டில்.

"ஆல்பர்ட்டா?" அவள் சிரித்துவிட்டாள். "ஆல்பர்ட்டுக்குப் படகு ஏறினாலே வாந்தி. இங்கிலாந்தை விட்டு ஒருநாளும் போனதில்லை என்று அவரே எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்."

சுந்தரமூர்த்தி அறைக்குள் போனபோது அப்பா கட்டிலில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகக் கார் நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரில் சக்கரம் வைத்த வாக்கர். அதன் கம்பிக் கூடையில் ஒரு வாழைப்பழம் கறுத்துக் கிடந்தது. ஒரு வார்த்தை தமிழ் தெரிந்தவர் அந்தக் கட்டடத்தில் வேறு யாரும் இல்லை. அப்பா பேசி நாளாகியிருந்ததால் முதல் வார்த்தை இருமலோடு வந்தது.

"சாப்டியா?"

"ஆச்சுப்பா. அப்பா, ஏன்பா அந்தப் படத்தக் கிழிச்சீங்க?"

"சின்னத் துரை."

"எந்தச் சின்னத் துரை?"

"நம்ம எஸ்டேட் சின்னத் துரைலா. அதே தொப்பி. அதே பைப்பு. அவன் பங்களா ரோஜாவுக்கு நாந்தானே தண்ணி ஊத்துனேன். கத்தரிய இப்பிடித்தான் பிடிப்பான்." கிழவரின் விரல்கள் காற்றில் வளைந்தன. "இங்க அவன் படத்துக்கு என் கையில பொத்தானக் குடுத்து, போடு போடுங்குறா அந்தம்மா."

"அப்பா, இவரு மலாயாப் பக்கமே வந்தது இல்லயாம்."

"யாரு சொன்னா?"

"அவங்களுக்குத் தெரியும்பா."

"அவங்களுக்கு என்னா தெரியும்? உங்க பெரியப்பன அவங்களுக்குத் தெரியுமா?"

பெரியப்பா அங்கமுத்து ஜப்பான்காரர்கள் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போடப் போய்த் திரும்பவில்லை என்பதுதான் வீட்டில் சொல்லப்பட்டது. சுந்தரமூர்த்தி சின்ன வயதிலிருந்து அப்படித்தான் நம்பியிருந்தார். எத்தனையோ வீடுகளில் அப்படி ஒருவர் உண்டு என்பதால் அவர் மேலே கேட்டதும் இல்லை.

அப்பா வாக்கரின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு பேசினார். "தொரைமாரு வந்தா சைக்கிள விட்டு எறங்கணும். அதான் சட்டம். எறங்கி, எடது பக்கமா நின்னு, தொப்பி தலப்பா இருந்தா எடுத்துட்டு, தலயக் குனிஞ்சு தள்ளிக்கிட்டுப் போவணும். கிள்ளான்ல ஸ்ட்ரைக் நடந்திச்சே, அந்த வருசம். இனிமே எறங்க மாட்டோம்னுட்டானுங்க. அண்ணன் எறங்கல. பங்களா வாசல்ல சின்னத் துரை நிக்கிறான், இவன் மணிய அடிச்சிக்கிட்டே போறான். நான் வேலிக்கு உள்ள, தண்ணி டப்பாவோட."

"அப்புறம்?"

"அவன் ஒண்ணும் சொல்லல. ரோஜாவ வெட்டிக்கிட்டே இருந்தான். சாயங்காலம் போலீஸ் லாரி வந்திச்சு. அண்ணன ஏத்துனானுங்க. சைக்கிளையும் ஏத்துனானுங்க." வாக்கரின் கைப்பிடியை விரலால் தடவினார். "சைக்கிளு மட்டும் திரும்ப வந்திச்சு. அப்புறம் ஜப்பான்காரன் வந்ததும், ஜெயில்லருந்து சயாமுக்கு ஏத்திட்டான்னு உங்க பாட்டிகிட்ட எல்லாரும் சொல்லிட்டோம். சயாமுன்னா திரும்பி வருவான்னு காத்துக்கிட்டு இருக்கலாம்ல."

வெளியே மழை பிடித்தது. கார்களின் கூரைகள் மேல் அது சத்தம் போட்டது. சுந்தரமூர்த்திக்கு அந்தக் கோட்டுப் போட்ட கிழவி நினைவுக்கு வந்தாள். அப்பா சொன்னதில் எவ்வளவு நடந்தது, எவ்வளவு இப்போது கூடிக்கொண்டது என்று பிரித்துப் பார்க்க அவரிடம் எதுவும் இல்லை. எல்லாமே நடந்திருந்தாலும் படத்தில் இருப்பவன் அந்த ஆள் இல்லை. அதைப் பிடித்துக்கொண்டார்.

"அப்பா, எஸ்டேட்டுல நடந்தது சரிதான். ஆனா இது வேற ஆளு. அந்தம்மா கையி வீங்கிக் கெடக்கு. ஒரு சாரி சொல்லிட்டீங்கன்னா முடிஞ்சிரும்."

"சொல்லலன்னா?"

பொய் சொல்லலாமா என்று யோசித்தார். "வேற எடத்துக்கு மாத்திருவாங்க. கதவு பூட்டியே இருக்கும்பா."

அப்பா மகனை வெகுநேரம் பார்த்தார். கோபம் இல்லை. பார்வையில் எதையோ அடையாளம் கண்டுகொண்ட அமைதி இருந்தது. கம்பளிக் குல்லாவை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார்.

"நீ சொன்னா சரி. கூட்டிக்கிட்டுப் போ."

கூடத்தில் வாதம் நின்றது. அப்பா வாக்கரைப் பிடித்தபடி மிஸஸ் விட்லாக்கின் முன்னால் நின்று, எஸ்டேட்டில் கற்ற ஆங்கிலத்தில், "சாரி மேடம். வெரி சாரி. நாட் டூ எகெய்ன்" என்றார். யாரும் கேட்காமலே இரண்டாவது தடவையும் சொன்னார். சிலர் கைதட்டினார்கள். மிஸஸ் விட்லாக்கின் கண் கலங்கிவிட்டது. நல்ல கையால் அவர் தோளைத் தொட்டு, "எல்லாம் மறந்தாயிற்று, அன்பரே" என்றாள். கேத்தரின் சுந்தரமூர்த்தியின் முழங்கையை லேசாக அழுத்திவிட்டுப் போனாள். அவருக்கு மூச்சு சீராக வந்தது. புதுப் படத்தைப் பலகையில் ஒட்ட ஒரு ஆள் வேண்டியிருந்தபோது அவரே டேப்பை வாங்கிக்கொண்டார். நான்கு மூலையிலும் ஒட்டி, கோணல் இல்லாமல் இருக்கிறதா என்று எட்ட நின்று பார்த்தார்.

அப்பாவிடம் சொல்லிக்கொண்டு வாசலுக்கு வந்து மழைக்கோட்டின் பொத்தான்களைப் போடும்போது தேநீர் மணி அடித்தது. கண்ணாடிக் கதவில் கை வைத்தபடி திரும்பிப் பார்த்தார். எல்லாரும் சாப்பாட்டுக்கூடத்தை நோக்கி ஒருவர் பின் ஒருவராக நகர்ந்தார்கள். அப்பா நடுவில் வந்துகொண்டிருந்தார்.

பலகைக்குச் சில அடி இருக்கும்போது அப்பா வாக்கரின் பிரேக்கைப் பிடித்தார். இரண்டு கைப்பிடிக்கும் நடுவிலிருந்து மெல்ல வெளியே வந்து, அதன் இடது பக்கமாகப் போய் நின்றார். ஒரு கையால் குல்லாவை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டார். பிறகு தலையைக் குனிந்து, வாக்கரைப் பக்கவாட்டில் ஒற்றைக் கையால் தள்ளிக்கொண்டு, பிடிமானம் இல்லாமல், படத்தைக் கடந்து நடக்கத் தொடங்கினார். பின்னால் வந்த மிஸஸ் விட்லாக் தனக்குத்தான் வழிவிடுகிறார் என்று நினைத்து, "பார்த்தீர்களா, எவ்வளவு பண்பான மனிதர்" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிவிட்டு அவரைத் தாண்டிப் போனாள்.

அப்பா நிமிரவில்லை. கம்பிக் கூடையில் அந்தக் கறுத்த வாழைப்பழம் ஆடிக்கொண்டிருந்தது. பலகை முடிந்து வெறும் சுவர் வந்த பிறகும் அவர் இன்னும் கொஞ்ச தூரம் அப்படியே தள்ளிக்கொண்டு போனார்.