ஒன்றரை நொடிப் பெட்டி

காசிமேட்டில் ஓர் ஐஸ் கம்பெனி. அங்கே அம்மோனியா கம்ப்ரசரை இருபத்தாறு வருஷமாக ஓட்டிக்கொண்டிருந்த வரதனுக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. ஆஸ்பத்திரியில் ஊசி போட வந்தால் மருந்துப் புட்டியில் என்ன தேதி போட்டிருக்கிறது என்று பக்கத்தில் இருப்பவனைப் படிக்கச் சொல்லுவார். தனக்குப் படிக்கத் தெரியாது. படித்தவன் சொன்ன தேதியையும் நம்பமாட்டார்.

அந்த ஜூன் மாசம் அவர் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் முழுசாக நம்பினார். கம்ப்ரசருக்குள்ளே ஏதோ தட்டுகிறது. எந்நேரமும் இல்லை. பத்து நிமிஷத்துக்கு ஒன்று, சில சமயம் கால் மணிக்கு ஒன்று. அத்தனை இரைச்சலுக்கு நடுவில் 'டிக்' என்று ஒரே ஒரு தட்டு. அவ்வளவுதான்.

"பாய், மெஷின நிறுத்து. மூடியக் கழட்டிப் பாத்துடலாம்" என்று முதலாளி அமீருதீனிடம் போய் நின்றார்.

"இன்னா நைனா, வெளையாடுறியா? இன்னும் ஒரு வாரத்துல மீன்பிடித் தடை முடியுது. அத்தினி போட்டும் ஐஸுக்கு வந்து நிக்கும். இப்ப மெஷின நிறுத்தினா ஐஸுக்கு பதிலா உன்னத்தான் ஒடச்சி மீனு மேல போடணும்."

"உள்ள எதுனா ஒடஞ்சி வெடிச்சா மீனு இன்னா, நீயும் நானுமே அவிஞ்சி பூடுவோம்."

அமீருதீன் வந்து இரும்புக் கம்பியை மெஷினில் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்துக் கேட்டார். ஒன்றும் கேட்கவில்லை. ஐஸ் தொட்டியிலிருந்து டின்களைத் தூக்கும் ரகுபதியும் கேட்டான்.

"நைனா, உன் கடவாப் பல்லு ஆடுதுன்னு சொன்னியே, அத்தான் உனுக்குக் கேக்குது" என்றான்.

"உன் தலைதான் ஆடுது. போய் டின்னைத் தூக்கு."

கடைசியில் அமீருதீன் ஒரு ஆளைக் கூட்டிவந்தார். ராயபுரத்து ஐரீன். வயசு நாற்பதை ஒட்டி இருக்கும். மெஷின்களின் அதிர்வை அளக்கும் பெட்டிகள் செய்வதுதான் அவள் தொழில். உள்ளங்கை அளவு பச்சை அட்டையில் ஒரு முழு கம்ப்யூட்டரையே அடக்கி, அதை ஒரு பிஸ்கட் டின்னுக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். டின்னிலிருந்து போன ஒயரின் நுனியில் நாலணா அளவு பித்தளை வில்லை. மெஷின் அதிர்ந்தால் அந்த வில்லையில் கரண்ட் கொஞ்சம் ஏறும், இறங்கும். அட்டை அதை நம்பராக்கிக் குறித்துக்கொள்ளும். அவள் வில்லையைக் கம்ப்ரசர் தலையில் ஒட்டினாள்.

அமீருதீன் எல்லாருக்கும் எதிரிலேயே சொல்லிவிட்டார்: "பொட்டி அந்தத் தட்டைப் புடிச்சா, அந்த நிமிஷமே மெஷின நிறுத்துறேன். சனிக்கிழமை சாயந்தரத்துக்குள்ள புடிக்கலன்னா, காது கெட்டுப்போன ஆள மெஷினாண்ட வெச்சிக்க முடியாது நைனா. கேட்டாண்ட ஸ்டூலு கீது. அங்க குந்திக்க."

கேட்டு ஸ்டூல் என்றால் வருகிற லாரியைப் பார்த்துக் கதவைத் திறப்பது. வரதனுக்கு அதைவிடத் தூக்கில் தொங்கலாம் போலிருந்தது. அதோடு, வேறு எவனாவது வந்து அந்தத் தட்டைக் கேட்காமலே மெஷினை ஓட்டுவான். அதற்குப் பத்தடி தள்ளித்தான் ரகுபதி நாள் முழுக்க நிற்கிறான்.

வியாழக்கிழமை வரதனுக்கு மூன்று தட்டு கேட்டது. பெட்டியில் ஒன்றும் இல்லை. ஐரீன் லேப்டாப்பில் கோட்டைக் காட்டினாள். குளத்துத் தண்ணீர் மாதிரி லேசாக அலையடித்துக்கொண்டு போனது.

"யம்மா, இந்த அட்டை எத்தினி தரம் பாக்குது?" என்றார் வரதன்.

"நொடிக்குப் பத்து தரம் சார்."

"ஒரு தரம் பாத்துட்டு அடுத்த தரம் பாக்குற வரைக்கும்?"

"பாக்காது."

"அப்ப அது தூங்குது. நான் கேக்குற தட்டு கண்ண மூடித் தெறக்குறதுக்குள்ள வந்து பூடும். உன் பொட்டி கொட்டாவி வுடுற நேரத்துல அது வந்து போவுது. அப்புறம், சார் கீர்னு கூப்புடாத. போலீசுக்காரன்தான் அடிக்கிறதுக்கு முன்னாடி என்னிய அப்படிக் கூப்ட்டான்."

ஐரீன் சிரித்தாள். பிறகு கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "நீங்க சொல்றது சரிதான் நைனா. வேகம் பத்தாது" என்று டின்னை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை அதே டின்னோடு வந்தாள். இப்போது நொடிக்கு இருபதாயிரம் தரம் பார்க்குமாம். வரதன் நம்பவில்லை. இருபதாயிரம் வரைக்கும் எண்ணவே ஒரு நாள் ஆகும், இது ஒரு நொடியில் எப்படி எண்ணும் என்று கேட்டார். அதற்கு அவளிடம் இருந்த பதில் அவருக்குப் புரியவில்லை. ஆனால் புதுத் தொல்லை மட்டும் நன்றாகப் புரிந்தது. அட்டைக்கு ஞாபகம் குறைச்சல். அந்த வேகத்தில் பார்த்தால் ஒன்றரை நொடி நடந்ததுதான் அதற்குள் கொள்ளும். புதுசு வர வரப் பழசு அழிந்துகொண்டே போகும்.

அதுவாகவே தட்டைக் கண்டுபிடித்து நிற்கட்டும் என்றுதான் முதலில் வைத்தாள். பிஸ்டன் ஏறி இறங்கும் ஒவ்வொரு அடியையும் தட்டு என்று எண்ணிக்கொண்டு பெட்டி ஓயாமல் சிவப்பு விளக்கை எரித்தது.

"எங்க வூட்டாண்ட ஒரு நாய் கீது, இதே மாதிரிதான்" என்றான் ரகுபதி.

அதனால் ஐரீன் ஒயரில் ஒரு காலிங்பெல் சுவிட்சைக் கட்டி வரதன் கையில் கொடுத்தாள். "நைனா, உங்களுக்குத் தட்டு கேட்டதும் இத அமுக்குங்க. அட்டை அப்படியே நின்னுடும். அமுக்கறதுக்கு முன்னாடி நடந்த ஒன்றரை நொடி உள்ள இருக்கும். எடுத்துப் பாத்துடலாம்."

வரதன் சுவிட்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஷாக் அடிக்காது என்று அவள் மூன்று முறை சொன்னாள். ரகுபதியை ஒருமுறை அமுக்கச் சொல்லி, அவன் சாகவில்லை என்று தெரிந்த பிறகு வாங்கிக்கொண்டார்.

அன்று நாலு தடவை தட்டு கேட்டது. நாலு தடவையும் அமுக்கினார். நாலு தடவையும் கோட்டில் ஒன்றுமில்லை. சனிக்கிழமை காலையில் இன்னும் இரண்டு. அதிலும் இல்லை.

அமீருதீன் வந்து ஆறு கோட்டையும் வரிசையாகப் பார்த்தார். "நொடிக்கு இருவதாயிரம் தரம் பாத்தும் இல்லன்னா, இல்லதான் நைனா. நான் இன்னா பண்றது?"

"பொட்டி பொய் சொல்லுது."

"பொட்டிக்கு உம்மேல இன்னா கோவம்?"

அவர் வெளியே போய், கேட்டிலிருக்கும் ஸ்டூலைத் துடைத்துவைக்கச் சொன்னது வரதன் காதில் விழுந்தது. சுவிட்சைப் பிடித்துக்கொண்டு மெஷின் எதிரில் உட்கார்ந்தார். ஐரீனுக்கும் திரையைப் பார்த்துப் பார்த்துக் கண் எரிந்தது. அவள் திரையை விட்டுவிட்டுச் சும்மா அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

பதினொன்றரைக்கு வரதனுக்குத் தட்டு கேட்டது. உடனே இரண்டு கையும் குறுக்காக ஏறிக் கன்னத்தில் மூன்று தடவை போட்டுக்கொண்டன. "தாயே பெரியபாளையத்தாளே, பவானி, காப்பாத்தும்மா" என்று வாய் முணுமுணுத்தது. பிறகு சுவிட்சை அமுக்கினார்.

"நைனா!" ஐரீன் எழுந்துவிட்டாள். "இப்ப இன்னா பண்ணீங்க?"

"இன்னா பண்ணேன்? பட்டன அமுக்கினேன்."

"அதுக்கு முன்னாடி?"

"முன்னாடி ஒண்ணும் பண்ணல."

"கன்னத்துல போட்டுக்கினீங்க. சாமி பேர மொத்தமா சொன்னீங்க. மூணு நொடி ஆயிப்போச்சு. அட்டையில ஒன்றரைதான் நிக்கும். நீங்க அமுக்கறதுக்குள்ள தட்டு அழிஞ்சே போச்சு!"

"நான் எங்க போட்டுக்கினேன்?" வரதன் ரகுபதியைப் பார்த்தார்.

"இருவது வருசமா போட்டுக்கினுதான் கீற நைனா. மெஷின் தும்முனாக்கூட போட்டுக்குவ. நாங்க சொன்னா நீ நம்புவியா இன்னா?"

இனிமேல் முதலில் அமுக்கிவிட்டு அப்புறம் கும்பிடச் சொன்னாள் ஐரீன். வரதனுக்கு அது பிடிக்கவில்லை. ஆத்தாவைக் காத்திருக்க வைத்துவிட்டு பிஸ்கட் டின்னைக் கவனிப்பதா? ஆனாலும் ஸ்டூலை நினைத்துக்கொண்டு சரியென்றார். பன்னிரண்டே காலுக்குத் தட்டு கேட்டது. கை அவரைக் கேட்காமலே கன்னத்துக்குப் போய்விட்டது. சுவிட்ச் தரையில் விழுந்தது.

"கைய நான் புடிச்சிக்கிறேன்" என்றான் ரகுபதி.

"புடிச்சிக்கினா எத்தக் கொண்டு அமுக்குறது? மூக்காலயா?"

ஐரீன் கொஞ்சம் யோசித்தாள். சுவிட்சை ஒரு மரத்துண்டில் வைத்துக் கட்டி, அவர் குதிகாலுக்குக் கீழே தள்ளினாள். "கை ஆத்தாளுக்கு. காலு எனக்கு. ரெண்டும் ஒரே நேரத்துல."

வரதன் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். ஒரு மணி ஆனது. ஒன்றரை. சாப்பாட்டை யாரும் தொடவில்லை. அமீருதீன் வந்து, முதலாளி போல இல்லாமல், சும்மா வேடிக்கை பார்க்கிறவர் போல ஓரமாக நின்றார். ஒன்றே முக்காலுக்கு வரதனின் தோள் விறைத்தது. கை இரண்டும் கன்னத்துக்குப் பறந்தன. குதிகால் 'சடக்' என்று இறங்கியது.

அட்டை நின்றது. நம்பர்கள் லேப்டாப்புக்குள் இறங்க அரை நிமிஷம் பிடித்தது. திரையில் கோடு வந்தது. ஒரே அளவில் அடுத்தடுத்துப் பிஸ்டன் அடிகள். ஓரிடத்தில், இரண்டு அடிக்கு நடுவில், எதுவும் இருக்கக்கூடாத இடத்தில், நெட்டுக்குத்தாக ஒரு மெல்லிய கீற்று.

"இருக்குது" என்றாள் ஐரீன்.

அமீருதீன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குனிந்தார். "இதுவா? மயிரு மாதிரி கீது."

வரதனும் குனிந்து பார்த்தார். முகம் சுருங்கியது. "இவ்ளோதானா? நான் கேட்டது இத்த விடப் பெருசும்மா. உன் பொட்டி பாதிய முழுங்கிட்டுது."

"பாய், நடுவுல இப்படி ஒரு அடி வரவே கூடாது" என்றாள் ஐரீன். "நொடியில ஆயிரத்துல ஒரு பங்கு நேரம்தான். வால்வுத் தகடு ஏதோ தப்பா விழுது."

அமீருதீன் வெளியே காலியாக நிற்கும் லாரிகளைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், வரதனைப் பார்த்தார். "வாக்கு குடுத்துட்டேன். நிறுத்து" என்றார், பல்லைப் பிடுங்கக் கொடுக்கிறவர் போல.

வாயுவை வெளியேற்றி மூடியைக் கழற்ற மூன்று மணி நேரம் ஆனது. அம்மோனியா நெடியில் எல்லாருக்கும் கண்ணில் தண்ணீர். வரதன் கையைவிட்டுத் தகட்டை எடுத்தார். வட்டத் தகட்டில் கால்வாசி விண்டு, நகத்தளவு ஒட்டிக்கொண்டு தொங்கியது. அவர் விரல் பட்டதும் அதுவும் பிரிந்து 'டங்' என்று தரையில் விழுந்தது.

இது ஓடுகிறபோது சிலிண்டருக்குள் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். ரகுபதி தான் தினமும் நிற்கும் இடத்தைத் திரும்பிப் பார்த்தான். பார்த்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றான்.

"எத்தினி நாளா கேக்குது நைனா?" என்றார் அமீருதீன் மெதுவாக.

"ஸ்டோருல புதுத் தகடு கீது, ரகு, ஓடிப் போய் எத்துகினு வா. ரெண்டு எத்துகினு வா, ஒண்ண நான் நம்பமாட்டேன்." வரதன் மறுபடியும் தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டார். "பாய், கொஞ்சம் அந்தாண்ட தள்ளி நில்லு. வெளிச்சத்த மறைக்கிற."