விரதம் எடுத்த உருளை

சுங்கை பினாங்கு ஆற்றோரத்து ரப்பர் ஆலையில் யாருக்காவது கை நசுங்குவதற்கு முதல் நாள், அவருடைய உள்ளங்கை ரப்பர் தகட்டில் ரேகையோடு பதிந்து வெளியே வரும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் பினாங்கில் டத்தோ கிராமாட் பக்கம் இருந்தவர்களுக்கு இது ரப்பர் விலை ஏறி இறங்குவதைப் போல் சாதாரணச் செய்தி. ஈரத் தகடுகளைக் கொட்டகையில் உலரப் போடும் புஷ்பவள்ளிதான் முதலில் பார்ப்பாள்.

முதலில் சுலைமானின் கை வந்தது. கோணல் சுண்டுவிரலை வைத்து அடையாளம் கண்டார்கள். மறுநாள், ரப்பரைத் தகடாக நசுக்கும் இரட்டை உருளைக்கு நடுவே அந்தக் கை போய்விட்டது. அடுத்து ஜெயராஜின் கை வந்தபோது, ஆட்களை மேய்க்கும் மண்டோர் ஹனீபா அவனை வீட்டுக்கு விரட்டிவிட்டார். விதி விட்டதா? மறந்துபோன சோற்றுத் தூக்கை எடுக்க வந்தவன், "ஒரு கட்டி சிக்கியிருக்கு, தள்ளிவிட்டுப் போறேன்ணே" என்று கையை நீட்டினான். அவ்வளவுதான். முதலாளி தவுக்கேயோ, கை பதிந்த தகடு விலைபோகாது, மூலையில் போடு என்றதோடு சரி. நல்லா இருக்கட்டும் அவர்!

தைப்பூசம் நெருங்கிய ஒரு மாலை வந்த தகட்டில், கட்டைவிரலடியில் தீத்தழும்பு ஒன்று இருந்தது. அந்தத் தழும்புக்குக் களிம்பு போட்டவளே புஷ்பவள்ளிதான். உருளை ஓட்டும் அவள் புருஷன் அய்யாக்கண்ணுவின் கை அது. தகட்டைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுபோய் அவன் முன்னால் விரித்தாள். அவன் சிரித்தான். தண்ணீர்மலை முருகனுக்குக் காவடி எடுக்க விரதம் இருந்தான். மணிக்கட்டில் மஞ்சள் காப்புக் கயிறு கட்டியிருந்தான்.

"காப்பு கட்டினவன மிஷின் என்னா பண்ணும்? ஒன்னும் ஆவாதுலா."

"நாளைக்கு ஒரு நாள் போவாதீங்க."

"ஜெயராஜும் வீட்டுக்குத்தானே போனான்? என்னாச்சு?"

அவள் தகட்டை மறுபடி சுருட்டி, காலையில் ஆலைக்கு எடுத்துப்போகக் கூடையில் வைத்தாள்.

மறுநாள் அவன் உருளைக்குப் போனான், கொட்டகையில் அவளுக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. மூலையில் கிடந்த பழைய தகடுகளை இழுத்துப் போட்டுப் பார்த்தாள். இத்தனை காலமும் எல்லாரும் விரல்களைத்தான் பார்த்தார்கள், மணிக்கட்டை ஒருவரும் பார்க்கவில்லை. சுலைமானின் தகட்டில் தாயத்துக் கயிறு பதிந்திருந்தது. ஜெயராஜின் தகட்டில் பொத்தான் போடாத சட்டைக் கை. அய்யாக்கண்ணுவின் தகட்டில் காப்பின் முடிச்சும், அதிலிருந்து தொங்கும் நீள நுனியும். தொங்குவதைக் கவ்வித்தான் உருளை கையை இழுக்கிறது! ஐயோ, காப்பாற்றும் என்று கட்டியதே எமனா? தகடு வெட்டும் கத்தியோடு ஓடினாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது கயிற்று நுனி ரப்பரில் ஒட்டி உள்ளே போய்க்கொண்டிருந்தது. அய்யாக்கண்ணு கூவவும் மறந்து, காலை ஊன்றிப் பின்னால் சாய்ந்து நின்றான். கை போய்க்கொண்டே இருந்தது. விரல்நுனி உருளையைத் தொடும்போது அவள் கயிற்றை அறுத்தாள். கயிறு உள்ளே போயிற்று. கை வெளியே நின்றது.

"அடிப்பாவி! காப்பையே அறுத்துட்டியேடி! முருகனுக்கு என்னா பதில் சொல்லுவேன்?"

"கையோட போயி சொல்லுங்க!" என்று கத்தியவள், அங்கேயே ஈரத்தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

அறுந்த கயிறு உருளையைச் சுற்றித் தானே முடிச்சுப் போட்டுக்கொண்டது. சுரண்டியும் வரவில்லை, சுடுநீர் ஊற்றியும் வரவில்லை. சில நாள் கழித்து, ஹனீபா சாப்பிட்டுக்கொண்டே நடந்தபோது பொரித்த மீன் ஒன்று உருளைக்குள் விழுந்தது. எந்திரம் நின்றது. பின்பக்கமாகச் சுழன்று மீனை முழுசாக வெளியே தள்ளிவிட்டு, மறுபடி ஓடத் தொடங்கியது.

"காப்பு கட்டிருக்குல்ல, கவுச்சி தொடாதுலா," என்றார் ஹனீபா, மீனைத் துடைத்து வாயில் போட்டபடி.

மனிதக் கையும் கவுச்சிதானே? அதன்பிறகு ஒருவர் விரலையும் அது தொடவில்லை. ஆனாலும் புஷ்பவள்ளி அதை மட்டும் நம்பி இருந்துவிடவில்லை. மண்டோரிடம் சண்டை போட்டு வாசலில் ஆணி அடிக்க வைத்தாள். தாயத்து, வளையல், சங்கிலி எல்லாம் அதில் தொங்கின. காப்பு கட்டியவர்களுக்கு விரதம் முடியும்வரை கொட்டகையில்தான் வேலை. அய்யாக்கண்ணு கோயிலில் புதுக் காப்பு கட்டிக்கொண்டு, அவளோடு தகடு உலர்த்தி, அந்தத் தைப்பூசத்தில் இரண்டு கையாலும் காவடியைப் பிடித்து மலையேறினான். அவள் வழியெல்லாம் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நடந்தாள்.

அவன் காப்பு மலையில் அவிழ்ந்தது. உருளையின் காப்பை அவிழ்க்க வேண்டுமானால் அதையும் மலைக்குத் தூக்கிப்போக வேண்டும், யாரால் முடியும்? ஆலை மூடும்வரை அது சைவமாகவே ஓடியது.