ஒரே அடுப்பு, இரண்டு கோபுரம்

ஆலை மேலாளர் பஹ்மனியார் சார் வலது உள்ளங்கையைத் தன் வலது கண்ணின் மேல் வைத்து, "உன் கடிதம் என் கண்ணு மேல, தம்பி" என்றார். இன்றைக்கு அது நான்காவது முறை. மூன்று மாதத்தில் ஏழு தடவை அஹ்வாஸிலிருந்து பஸ் பிடித்து இந்த மாஹ்ஷஹர் ஆலைக்கு வந்திருக்கிறேன். என் கணக்குப்படி அந்தக் கண் இதுவரை இருபத்தாறு வாக்குறுதிகளைத் தாங்கியிருக்கிறது. கண்ணாடிகூடப் போடாத கண்.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு வரி. 'மாணவர் பெஹ்ரங்கின் கணக்கு எங்கள் ஆலையின் அளவீடுகளோடு ஒத்துப்போகிறது.' கீழே ஒரு கையெழுத்து, ஒரு முத்திரை. சனிக்கிழமைக்குள் அது பல்கலைக்கழகம் போய்ச் சேராவிட்டால் என் ஆய்வேடு செல்லாது. செல்லாவிட்டால் அடுத்த மாதம் தலையை மழித்துக்கொண்டு, எல்லைச் சாவடி எதிலாவது இரண்டு வருஷம் கட்டாயப் பட்டாளச் சேவையில் துப்பாக்கியோடு நிற்க வேண்டும். இன்று புதன், மணி மூன்று. நாளையும் மறுநாளும் இங்கே வார விடுமுறை.

ஆய்வு எளிமையானதுதான். இங்கே பென்சீன், டொலுயீன், சைலீன் மூன்றையும் காய்ச்சிப் பிரிக்க இரண்டு கோபுரங்கள். இரண்டின் காலடியிலும் ஆளுக்கொரு அடுப்பு மாதிரி, நீராவியில் காயும் கொதிகலம். முதல் கோபுரத்தில் பாதி வழியில் ஏறக்குறையப் பிரிந்துவிட்ட டொலுயீன், அடிக்குப் போவதற்குள் சைலீனோடு மறுபடி சேர்ந்துகொள்ளும். அடுத்த கோபுரத்தில் மறுபடி பிரிக்க வேண்டும். என் சித்தப்பா சித்தி மாதிரி. ஒவ்வொரு தடவையும் செலவு. முதல் அடுப்பைக் கழற்றிவிட்டு, இரண்டாவது கோபுரத்தின் ஆவியை முதலாவதற்கு அனுப்பி, பதிலுக்குத் திரவத்தை வாங்கிக்கொண்டால் ஒரே அடுப்பில் இரண்டும் ஓடும். நீராவியில் நூற்றுக்கு இருபத்தொன்பது மிச்சம்.

தப்பு என்னுடையது. முதல் நாள் அவர், "கோபுரம் உன்னோடது தம்பி, எப்ப வேணா வா, என்ன வேணா பண்ணு" என்றார். எங்கள் ஊரில் துணிக்கடைக்காரர்கூட, காசு எதற்கு, சட்டை உங்களுடையது என்றுதான் சொல்வார். நாம் மூன்று முறை மறுத்துவிட்டுப் பணத்தை நீட்ட வேண்டும். இருபத்தைந்து வருஷமாக இதே மண்ணில் வளர்ந்தவன் நான். ஆனாலும் அவர் சொன்னதை நிஜமென்று நம்பி, சட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

"சார், தேதிகூட நீங்க போட வேண்டாம், நானே போட்டுக்கறேன்."

"தேதி என்னடா தேதி, உயிரையே எழுதித் தர்றேன். முதல்ல பேரீச்சம்பழம் எடு."

உயிரை யாரும் கேட்கவில்லை. பழத்தை எடுத்துக்கொண்டேன்.

டீ கொண்டுவந்த ஜாசெம் என் தலைமுடியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இன்ஜினியரே, இன்னும் உங்கள பட்டாளத்துல கூப்பிடலையா?" இங்கே எல்லோரும் இன்ஜினியர்தான், நான் அவரையும் அப்படித்தான் கூப்பிடுவேன்.

"தொப்பி அளவு கேட்டிருக்காங்க, இன்ஜினியரே."

பஹ்மனியார் சிரிக்கவில்லை. எழுந்துபோய் ஜன்னல் திரையை விலக்கினார். வெளியே புழுதியால் இருண்ட வானத்தில், உயர்ந்த குழாயின் வாயில் மிஞ்சிய எரிவாயு வீணாக எரிந்துகொண்டிருந்தது. கண்ணாடி மெல்ல அதிர்ந்தது.

"இத பாரு. நீ இருபத்தொன்பது மிச்சம் பண்ணிக் குடுத்துட்ட. நீராவிக்கு எரிக்காம மிஞ்சற கேஸ நான் எங்க வெப்பேன்? கொண்டுபோகக் குழாய் இல்ல, வாங்க ஆள் இல்ல. அதோ, அந்த வாய்க்குள்ளதான் போகும். உன் ஆராய்ச்சிய என் கையாலயே கொளுத்தச் சொல்றியா?"

"கணக்கு தப்பா சார்?"

"தப்பா இருந்தா முதல் நாளே கையெழுத்துப் போட்டிருப்பேன்டா. சரியா இருக்கு. ரெண்டு தடவை நானே போட்டுப் பாத்தேன்." குரல் இறங்கியது. "சரின்னு எழுதினா, பதினாலு வருஷமா நீ என்னய்யா பண்ணிட்டிருந்தேன்னு தெஹ்ரான் தலைமை ஆபீஸ்ல கேப்பாங்க. என்ன சொல்லட்டும், நீயே சொல்லு."

அவர் முகத்தைப் பார்த்தேன். என் ஆய்வேட்டை முழுசாகப் படித்தவர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான். என் பேராசிரியரையும் சேர்த்துச் சொல்கிறேன்.

பிறகு உட்கார்ந்து கால்மணி நேரம் எழுதினார். முத்திரை குத்தி, இரண்டு கையாலும் நீட்டினார். அழகான கையெழுத்து. நான் பண்பாளன், என்னைப் பெற்றவர்கள் பாக்கியசாலிகள், ஆலையின் கதவுகளும் கோபுரங்களும் என்றும் என்னுடையவை. திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெள்ளை. அந்த ஒரு வரி எங்கும் இல்லை. நெஞ்சில் கை வைத்துக் குனிந்து நன்றி சொன்னேன். அவரும் குனிந்தார். யார் முதலில் நிமிர்வது என்று இருவருக்கும் தெரியவில்லை.

"இன்னொரு டீ குடிக்காமப் போகக்கூடாது" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டே.

டீ அறையில் ஜாசெமின் சமோவார் முனகிக்கொண்டிருந்தது. கீழே தண்ணீர் கொதிக்க, அந்த ஆவியிலேயே அதன் தலைமேல் உட்கார்ந்திருந்த சின்னக் கூஜாவில் தேயிலை இறங்கிக்கொண்டிருந்தது. ஒரே அடுப்பு. கடிதத்தை மடித்தேன், பிரித்தேன், மறுபடி மடித்தேன்.

ஜாசெம் சிலிண்டரைத் தூக்கி ஆட்டிப் பார்த்தார். "காலியாகப் போகுது இன்ஜினியரே. அடுத்தது சனிக்கிழமைதான் தருவாங்க."

முட்டி போட்டு, கன்னம் தரையைத் தொடும் அளவுக்குக் குனிந்து, திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார். சுடர் ஒரு நீலப் பொட்டாகச் சுருங்கியது. அணைந்துவிடாதிருக்க அதைச் சுற்றி இரண்டு கையையும் குவித்துக்கொண்டார். ஜன்னல் வழியாக வந்த, உயர்ந்த குழாய்ச் சுடரின் ஆரஞ்சு வெளிச்சம் அவர் முதுகு முழுக்க ஆடிக்கொண்டிருந்தது.