சுவிச்சை அமத்த ஓர் ஆள்

நவம்பர் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை மகேசனின் ஜெனரேற்றர் நின்றுபோனது. மூன்று தரம் சுழன்றது, ஒரு தரம் பற்றியது, இரண்டு செக்கன் ஓடியது, பிறகு அடங்கிவிட்டது. திரும்பவும் சுவிச்சை விரலால் அமத்தினார். அதேதான். ஐந்தாம் தரம் அமத்தியபோது சுழலும் சத்தமே இளைத்துப் போயிருந்தது. பற்றறியையும் தீர்த்துவிடப் பயந்து கையை எடுத்துக்கொண்டார்.

அவருடைய வீடு ஒரு வண்டி. இருபது வருடப் பழைய அமெரிக்க வண்டி. நோர்வேக்காரர் ‘பூபில்’ என்பார்கள். உள்ளே கட்டில், சமையல் அடுப்பு, மடித்து வைக்கிற மேசை எல்லாம் உண்டு. ஆறு பேர் கொண்ட குடும்பம் கோடை விடுமுறையில் ஊர் சுற்றுவதற்கென்று செய்தது. அதில் மகேசன் தனியே எட்டு மாதமாக இருந்தார். ஹவுகெட்டோ ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில், குளிர்காலத்துக்குப் படகுகளைக் கரையேற்றித் தார்ப்பாய் போட்டு மூடி வைக்கிற வளவொன்றின் கடைசி மூலையில் வண்டி நின்றது. வளவுக்காரக் கிழவர் வசந்தம் வரைக்கும் நிற்கலாம் என்று சொல்லியிருந்தார். மின்சாரம் மட்டும் தரமுடியாது என்றார். ஆகவே எல்லாம் ஜெனரேற்றர்தான். ஹீற்றரின் விசிறி பற்றறியில் ஓடியது. பற்றறியை நிரப்ப ஜெனரேற்றர் வேண்டும். அது நின்றால் குளிர் உள்ளே வந்துவிடும்.

அவர் வண்டியில் இருப்பது வீட்டிலோ சிநேகிதரிடையேயோ யாருக்கும் தெரியாது. மார்ச் மாதத்தில் மனைவி யோகராணி, ‘இனி நாங்கள் ஒரு வீட்டிலை இருக்கேலாது’ என்று சொன்னபோது அவர் மறுத்துப் பேசவில்லை. சண்டை என்று பெரிதாக எதுவும் நடந்ததில்லை. பல வருடங்களாக இரண்டு பேரும் வேலைக்குப் போய்வந்து, சாப்பிட்டு, ஆளுக்கொரு தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டு இருந்ததில் பேச்சு எப்போது நின்றது என்பதுகூட அவருக்குத் தெரியாது. ஹொல்ம்லியா வீட்டை மனைவிக்கும் மகளுக்கும் விட்டுவிட்டு இரண்டு பெட்டியோடு வெளியே வந்தார். வேலைத்தலத்தில் ஒருவர் இந்த வண்டியை விற்க நின்றார். ஒரு மாதத்துக்கு என்று நினைத்து வாங்கினார். கேட்டவர்களுக்கெல்லாம், “ஹவுகெட்டோவிலை ஒரு ரூம் எடுத்திருக்கிறன், நல்ல இடம்” என்று சொன்னார். சொன்ன பிறகு அதை மாற்ற முடியவில்லை.

மகள் ஹம்சத்வனிக்குப் பத்தொன்பது வயது. தாதியர் படிப்பு முதலாம் வருடம். மாதம் ஒரு தடவை ட்வெய்ட்டா கடைத்தொகுதியில் கோப்பி குடிக்கும்போது, “உங்கடை ரூமைப் பாக்க வரட்டே அப்பா?” என்று கேட்பாள். ஒருமுறை பெயின்ற் அடிக்கிறார்கள் என்றார். இன்னொரு முறை வீட்டுக்காரி ஆட்களைக் கூட்டிவர விடமாட்டாள் என்றார். அதன்பிறகு அவள் கேட்கவில்லை.

மகேசன் மெக்கானிக் இல்லை. பஸ் டிப்போவில் பஸ்களைக் கழுவுகிறவர். ஆனால் பக்கத்தில் நின்று பத்து வருடம் பார்த்ததில் சில விஷயங்கள் பிடிபட்டிருந்தன. புதன்கிழமை வேலை முடிந்து வந்து, வண்டியின் பக்கவாட்டில் பின்சில்லுக்கு மேலே இருந்த தகரக் கதவைத் திறந்து ஜெனரேற்றருக்கு முன்னால் முழங்காலில் நின்றார். பெற்றோல் வடிகட்டியைக் கழற்றி ஊதினார், அடைப்பு இல்லை. பெற்றோல் பம்பிலிருந்து வருகிற குழாயின் நுனியைக் கழற்றி ஒரு ஜாம் போத்தலுக்குள் விட்டு, உள்ளே போய்ச் சுவிச்சை அமத்தி, திரும்பி வந்து பார்த்தார். போத்தலில் ஒரு சொட்டுக்கூட இல்லை. பம்புக்குப் போகிற வயரில் சிவப்புச் சோதனை பல்ப்பைக் கொளுவிவிட்டு அதேபோல உள்ளே போய் அமத்தினார். ஈரமான படகுத் தார்ப்பாயில் சிவப்பு வெளிச்சம் விழுந்ததை ஜன்னலால் கண்டார். மின்சாரம் வருகிறது, பம்ப்தான் செத்துவிட்டது.

ஒரு வேர்க்‌ஷொப்புக்குத் தொலைபேசி எடுத்தார். அசல் பம்ப் அமெரிக்காவிலிருந்து வரவேண்டும், ஒரு மாதத்துக்கு மேல், ஐந்து கிழமை ஆகும் என்றார்கள். விலையைக் கேட்டுவிட்டு, தன் காதில் பிழையோ என்று இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். காதில் பிழையில்லை.

வியாழக்கிழமை செத்த பம்பை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் சுற்றிக்கொண்டு, பழைய கார்களுக்கும் படகு எஞ்சின்களுக்கும் உதிரிப்பாகம் விற்கிற ஒரு கடைக்குப் போனார். கவுண்டரில் நரைத்த தலைமயிரைக் கட்டையாக வெட்டிய நோர்வேக்காரி ஒருத்தி நின்றாள். பம்பைக் கையில் வாங்கி மணந்து பார்த்தாள்.

“இதன் சொந்தக் கம்பனிப் பெயரைக் கேட்டு வந்தால் விலை சொல்லியே உங்களை அழவைப்பார்கள்” என்றாள். “எவ்வளவு அழுத்தம் என்று எழுதியிருக்கிறதா?”

அவர் ஜெனரேற்றரின் கையேட்டுப் புத்தகத்தைப் பார்த்துக் கடதாசியில் எழுதி வந்திருந்ததைக் காட்டினார். அவள் உள்ளே போய் ஒரு சின்ன மஞ்சள் பெட்டியோடு வந்தாள்.

“இது பொதுவான பம்ப். அதே பன்னிரண்டு வோல்ட். அழுத்தமும் அதேதான். அதைப் பார்க்காமல் பலமானது ஒன்றைப் போட்டால் காபரேற்றர் நிரம்பி வெளியே வழியும், தீப்பிடிக்கும். ஆனால் உருவம் வேறு. துளைகள் பொருந்தாது. நீங்கள்தான் பொருத்தவேண்டும்.”

“பொருத்துவேன்.”

“முதல்தரம் ஓடவிடும்போது ஒருவர் சுவிச்சில் நிற்கட்டும், மற்றவர் பம்பைப் பார்த்துக்கொண்டு நிற்கட்டும். ஒழுகினால் உடனே நிறுத்தவேண்டும்.”

மகேசன் தலையாட்டினார். மற்றவர் என்று யாரைச் சொல்கிறாள் என்பதுபோல அவளைப் பார்த்தார்.

சனிக்கிழமை லீவு. காலையில் மழையும் பனியும் கலந்து விழுந்தது. நாலு இரவாக வண்டிக்குள் இரண்டு ஜக்கெற்றோடு படுத்ததில் தோள்பட்டை இறுகியிருந்தது. பற்றறி வயரைக் கழற்றினார். பெற்றோல் குழாயை இடுக்கியால் நெரித்துப் பிடித்துவிட்டு, புது பம்பைத் தூக்கிப் பார்த்தார். கடைக்காரி சொன்னதுபோலவே துளைகள் பொருந்தவில்லை. ஒரு தகரப் பட்டியை வெட்டி, துளைபோட்டு, வளைத்துத் தாங்கி செய்தார். பழைய பம்புக்கு ஒரு வயர்தான். உடம்பே மற்ற வயராக வேலைசெய்தது. புதியதுக்கு இரண்டு வயர். கறுப்பு வயரை, துருவைச் சுரண்டிய இரும்பில் திருகாணி போட்டு முடுக்கினார், மற்றதைப் பழைய வயரோடு சேர்த்தார். பம்பின் உடம்பில் இருந்த அம்புக்குறி எஞ்சின் பக்கம் பார்க்கிறதா என்று இரண்டு தரம் பார்த்தார். குழாயைக் கொளுவிக் கிளிப் போட்டு, இடுக்கியை எடுத்துவிட்டு, பற்றறியையும் திரும்பப் பூட்டி நிமிர்ந்தபோது பன்னிரண்டரை மணி.

அதற்குப் பிறகுதான் அவர் அகப்பட்டுக்கொண்டார்.

ஜெனரேற்றரின் மேலேயே இருந்த சுவிச் முந்தைய சொந்தக்காரர் காலத்திலேயே துருப்பிடித்துப் போய்விட்டது. வேலைசெய்கிற சுவிச் உள்ளே கட்டில் தலைமாட்டில் இருந்தது. எஞ்சின் பற்றும்வரை விரலை எடுக்காமல் அமத்திப் பிடித்தால்தான் பம்ப் ஓடும். தகரக் கதவோ வெளியே. அவர் உள்ளே போய் அமத்திவிட்டு, படியிறங்கி, வண்டியைச் சுற்றி ஓடிவந்தார். வந்துசேரும்போது எல்லாம் ஓய்ந்திருந்தது. குழாயும் பம்பும் சேருகிற பூட்டில் ஈரம் தெரிந்தது. அது மழையா பெற்றோலா என்று விரலால் தொட்டு மணந்தார். விரல்களெல்லாம் காலையிலிருந்தே பெற்றோல் மணந்தன. சுவிச்சை ஒரு கயிற்றால் இழுத்துக் கட்டலாமா என்று யோசித்தார். ஒழுகி, சூடான புகைக்குழாயில் பட்டால் வண்டியே போய்விடும். வேண்டாம்.

ஒரு சுவிச்சை அமத்த ஓர் ஆள் வேண்டும். ஒரு நிமிட வேலை.

கைப்பேசியில் பெயர்களைப் பார்த்துக்கொண்டே போனார். சச்சிதானந்தனை அழைத்தார். பதினைந்து வருடச் சிநேகிதர். ஒரு காலத்தில் சனிக்கிழமையென்றால் அவர் வீட்டில்தான் சாப்பாடு.

“ஆ, மகேசன்! எவ்வளவு நாள். எங்கை ஐசே இருக்கிறீர் இப்ப?”

“ஹவுகெட்டோவிலைதான். இண்டைக்கு ஒருக்கா வரேலுமோ? ஒரு சின்ன வேலை. ஒரு நிமிசம் போதும்.”

“இண்டைக்கோ?” சச்சிதானந்தன் குரலைத் தாழ்த்தினார். “வீட்டிலை விருந்தாக்கள் ஐசே. யோகராணியும் வந்து நிக்கிறா. பிறகு எடுக்கிறனே?”

“ஓம், ஓம். பிரச்சினை இல்லை.”

வளவில் வேறு மனிதர் எவரும் இல்லை. தார்ப்பாய்களின் மேல் மழை விழுந்துகொண்டிருந்தது. இரண்டு தெரு தள்ளி வீடுகள் இருந்தன. எட்டு மாதத்தில் அந்த வீடுகளின் ஒரு முகமும் அவருக்குத் தெரியாது. பிறகு மகளின் பெயரை அமத்தினார்.

“பிள்ளை, எங்கை நிக்கிறாய்?”

“வீட்டிலை. என்னப்பா, குரல் ஒரு மாதிரி இருக்கு?”

“ஒண்டும் இல்லை. ஒரு சுவிச்சை அமத்த ஆள் வேணும். வரேலுமே?”

“உங்கடை ரூமுக்கோ?”

“ஹவுகெட்டோ ஸ்ரேசனுக்கு வா” என்றார். “நான் வந்து நிக்கிறன்.”

ஹொல்ம்லியாவிலிருந்து ஹவுகெட்டோ அடுத்த நிலையம். ரயில் புறப்பட்டு, ஆட்கள் இருக்கையில் சரியாக இருப்பதற்குள் வந்துவிடும். ஹம்சத்வனி குடையில்லாமல் இறங்கி வந்தாள். தகப்பனின் கையில் இருந்த கறுப்பையும் முழங்காலில் இருந்த சேற்றையும் பார்த்தாள். வழியில் இரண்டு பேரும் கதைக்கவில்லை. வளவுக்குள் திரும்பியதும் அவள் நடை மெதுவானது. வண்டியின் கதவை அவர் திறந்தார். உள்ளே, கயிற்றில் அவருடைய வேலை உடுப்புகள் தொங்கின. அடுப்பில் ஒரு சின்னச் சட்டி. மேசையில் ஒரு கோப்பை.

“போர் டூ ஹேர்?” என்றாள் நோர்வேஜிய மொழியில். பிறகு தமிழில் திரும்பக் கேட்டாள். “நீங்கள் இஞ்சையே இருக்கிறியள்?”

“ஓம்.”

“எப்ப துவக்கம்?”

“வந்த நாள் துவக்கம்.”

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அழப்போகிறாள் என்று நினைத்தார். அவள் அழவில்லை. “எந்த சுவிச்?” என்று கேட்டாள்.

அவர் காட்டினார். “நான் சொன்ன உடனை அமத்து. நிப்பாட்டு எண்டால் உடனை விடோணும். விளங்குதே?” என்று சொல்லிவிட்டு வெளியே போய்த் தகரக் கதவுக்கு முன்னால் குந்தினார்.

“அமத்து!”

பம்ப் துடித்தது. டக் டக் டக் என்று சின்னதாய், வேகமாய். மூன்றாவது செக்கனில் குழாய்ப் பூட்டிலிருந்து ஒரு துளி திரண்டு வழிந்தது.

“நிப்பாட்டு! நிப்பாட்டு!”

சத்தம் உடனே நின்றது. அவர் ஒழுகியதைத் துணியால் துடைத்து, கிளிப்பை இன்னும் ஒரு சுற்று முடுக்கினார். பெற்றோல் மணம் போகட்டும் என்று நின்றபோது தகரத்துக்கு அப்பால் அவளுடைய குரல் கேட்டது. உள்ளே இருந்து கத்தினாள்.

“ஏன் சொல்லேல்லை?”

“என்ன?”

“ஏன் எனக்குச் சொல்லேல்லை எண்டு கேட்டனான்!”

முகம் தெரியாமல் இருந்ததால்தானோ என்னவோ அவருக்குப் பதில் வந்தது. “வெக்கமாய் இருந்தது, பிள்ளை.”

அவர் கிளிப்பை இன்னொரு தரம் விரலால் தொட்டுப் பார்த்தார்.

“திரும்ப அமத்தட்டே?” என்றாள் கடைசியில்.

“அமத்து.”

டக் டக் டக். பூட்டில் ஈரம் இல்லை. எஞ்சின் இருமியது, பற்றியது, கரகரத்தது, பிறகு ஒரே சீராக ஓடத் தொடங்கியது. அவர் ஒரு நிமிடம் காவலிருந்து பார்த்துவிட்டுத் தகரக் கதவை மூடினார். உள்ளே வந்தபோது ஹீற்றரிலிருந்து தூசி மணத்தோடு சூடு வரத் தொடங்கியிருந்தது. ஹம்சத்வனி கட்டிலின் ஓரத்தில் இருந்தாள். விரல் இன்னும் சுவிச்சுக்குப் பக்கத்தில் இருந்தது.

தேத்தண்ணி போட்டார். இருந்த ஒரே கோப்பையை அவளுக்குக் கொடுத்துவிட்டு, தான் சட்டியோடு குடித்தார்.

“நாவ் உதவி ஒஃபிசிலை சொல்லி வீட்டுக்கு எழுதலாம் அப்பா. கொம்யூனிலை சின்ன நகரசபை வீடுகள் இருக்கு. நான் ஃபோம் நிரப்பித் தாறன்.”

“உதவிக் காசிலை இருக்கிற ஆக்களுக்குத்தானே அது.”

“நீங்கள் படகுகளோடை இருக்கிறியள்!” என்று கத்தினாள். கோப்பையை மேசையில் வைத்தாள். பிறகு தணிந்த குரலில், “எனக்கு நாலு மணிக்கு முதியோர் இல்லத்திலை வேலை. போகோணும்” என்றாள்.

“அம்மாட்டைச் சொல்லாதை.”

அவள் ஜக்கெற்றின் பொத்தானைப் பூட்டினாள். ஸ்ரேசன் வரைக்கும் வந்து விடுகிறேன் என்றார். வேண்டாம் என்றாள். வளவு வாசலில் திரும்பிப் பார்ப்பாள் என்று ஜன்னலில் நின்றார். தலையைக் குனிந்து மழைக்குள் போய்விட்டாள்.

அடுத்த நாள் மத்தியானம் யோகராணியின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எட்டு மாதத்தில் முதல் தடவை.

“பிள்ளை சொன்னவள்” என்றாள்.

“ம்.”

“அந்த மிஷின் ஓடேக்கை ஜன்னலைப் பூட்டி வையாதேங்கோ. புகை உள்ளுக்கை வந்தால் ஆளுக்குத் தெரியாமலே போயிடும்.”

“ஓம். கவனிக்கிறன்.”

இன்னும் ஏதோ சொல்லப்போகிறாள் என்று கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டே இருந்தார். அவளுடைய பக்கத்தில் தொலைபேசியை வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு எழுந்து கட்டில் பக்கத்து ஜன்னலை நாலு விரல் அளவு திறந்துவிட்டார். சூடு வெளியே போனது. அவர் அதை மூடவில்லை.

ஹம்சத்வனி ஃபோம்களைத் தபாலில் அனுப்பினாள். கையெழுத்துப் போடவேண்டிய இடங்களில் பென்சிலால் புள்ளி வைத்திருந்தாள். அவர் மூன்று நாள் அதை மேசையில் வைத்திருந்துவிட்டு, நாலாம் நாள் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். அந்தக் குளிர்காலம் முழுவதும் மலிவு பம்ப் ஒரு நாளும் பிழைவிடவில்லை. மார்ச் கடைசியில் ட்வெய்ட்டாவில் உயரக் கட்டடமொன்றில் ஓர் அறை வீடு கிடைத்தது. வண்டியை, கோடையில் வடக்கே போக ஆசைப்பட்ட ஒரு நோர்வேத் தம்பதிக்கு விற்றார். பம்ப் அசல் இல்லை என்பதைச் சொல்லியே விற்றார்.

குடிபோன அன்று காலை கட்டடக் காவலாளி கீழே தபால்பெட்டிக்குப் பெயர்த் தகடு அடிப்பதற்காக ஒரு துண்டுக் கடதாசியை நீட்டினார். மகேசன் தன் பெயரை எழுதினார். அதன் கீழே ஹம்சத்வனி என்றும் எழுதினார்.

“இவரும் இங்கேயா வசிக்கப்போகிறார்?” என்று காவலாளி கேட்டார்.

“இல்லை. மகள். வந்து போவாள்.”

“அப்படியென்றால் போட முடியாது. வசிக்கிறவர்களின் பெயர் மட்டும்தான்.”

மகேசன் சரியென்று சொன்னார். காவலாளி இரண்டாவது பெயருக்கு மேல் ஒரு கோடு கிழித்து, கடதாசியை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு லிஃப்டை நோக்கிப் போனார்.