வாயாடியின் நாற்பத்தோரு நிமிடங்கள்

நிமிஷக்காரர் லேசில் யாரையும் நம்ப மாட்டார். தொலைக்காட்சி நிலையத்தில் அவருக்கு அந்தப் பெயர் வந்ததே அவருடைய வேலையால்தான். தேர்தல் வந்துவிட்டால் எந்த வேட்பாளர் செய்தியில் எவ்வளவு நேரம் தெரிகிறார் என்று அளந்து, தாளில் எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். எல்லாருக்கும் சம நேரம் என்பது சட்டம். முகம் திரையில் வந்ததும் ஸ்டாப்வாட்சை அமுக்குவார், மறைந்ததும் அமுக்குவார்.

அதையும் டிவியின் சத்தத்தை அடியோடு அணைத்துவிட்டுத்தான் செய்வார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தலைவரின் பேச்சில் சொக்கிப்போய்க் கடிகாரத்தை நிறுத்த மறந்திருக்கிறார். இன்னொருவர் பேசியபோது எரிச்சலில் முன்கூட்டியே அமுக்கியிருக்கிறார். அன்றோடு காதுக்குப் பூட்டு. "சத்தம் வெச்சா நானும் ஒரு கட்சில சேர்ந்துடுவேன் சார்" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். தேர்தல் முடியும்வரை வீட்டிலும் செய்தி ஓடக்கூடாது, மனைவி அரசியல் பேசக்கூடாது. பைத்தியக்காரத்தனம்தான், ஆனால் நேர்மையான பைத்தியக்காரத்தனம்.

இந்த முறை நகராட்சித் தலைவர் பதவிக்கு நின்றவர்கள் இரண்டே பேர். ஒருவர் ஏற்கெனவே அந்த நாற்காலியில் இருப்பவர். இன்னொருத்தி நிமிஷக்காரரின் கூடப்பிறந்த தங்கை. இருபது வருடம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து, வேலையை விட்டுவிட்டு நின்றாள். வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பெயர். தூக்கத்தில்கூடப் பேசுகிற ஜென்மம்.

தங்கை நிற்பதால் அளக்கும் வேலையை வேறு யாருக்காவது கொடுங்கள் என்று அவர் செய்தி ஆசிரியரிடம் போய் நின்றார். "உங்களை விட யோக்கியன் எனக்கு எங்க சார் கிடைப்பான்? நீங்களே பண்ணுங்க" என்று தோளில் தட்டினார் ஆசிரியர். நிமிஷக்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஊரையே சந்தேகப்படுகிற மனிதருக்கு அந்த இடத்தில் மட்டும் சந்தேகம் வரவில்லை பாருங்கள்! அன்றிலிருந்து தங்கையோடும் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

வாக்குப்பதிவு புதன்கிழமை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வாயாடியே வந்து வாசலில் நின்றாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"உங்க டிவி என்னைக் கொன்னுக்கிட்டு இருக்குண்ணா. தேர்தல் அதிகாரிங்ககிட்ட புகார் கொடுத்திருக்கேன். நாளைக்குக் காலைல விசாரணை."

"என்னம்மா பேசுறே? உனக்கு நாற்பத்தோரு நிமிஷம், அவருக்கும் நாற்பத்தோரு நிமிஷம். நானே அளந்தது."

"அதைத்தான் உங்க ஆளுங்க பதிலா எழுதிக் கொடுத்திருக்காங்க. அவளோட அண்ணனே கையெழுத்துப் போட்டிருக்காரு, இதுக்கு மேல என்ன நியாயம் வேணும்னு." அவள் குரல் உடைந்தது. "தினமும் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கே. எப்படிண்ணா உனக்கு மனசு வந்துச்சு?"

பதிலுக்குக் காத்திராமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

நிமிஷக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டார். யாரோ விளையாடியிருக்கிறார்கள்! பத்து நாளாக ஆசிரியர் இவருடைய அறைக்கு டீயும் பிஸ்கட்டும் அனுப்புவது இப்போதுதான் உறைத்தது. டீ குடித்து அசந்த நேரத்தில் ஸ்டாப்வாட்சை எவனோ நோண்டியிருப்பானோ? பதிவுகளை வெட்டி ஒட்டியிருப்பார்களோ? நேராக நிலையத்துக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, முதலில் கடிகாரத்தைச் சுவர்க் கடிகாரத்தோடு பத்து நிமிடம் ஓடவிட்டுப் பார்த்தார். ஒரு நொடி பிசகவில்லை.

சரி, படத்தில்தான் கோளாறு என்று பழைய பதிவுகளைப் போட்டார். சத்தம் வழக்கம்போல அணைந்தே இருந்தது. வெட்டு விழுந்த இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டுமே, அதனால் கடிகாரத்தைக் கையில் எடுக்கவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு திரையையே பார்த்தார்.

நகராட்சித் தலைவர் மேடையில் பேசினார். காரில் ஏறும்போது பேசினார். இறங்கும்போதும் பேசினார். அடுத்து வாயாடி வந்தாள். கும்பிட்டாள், நடந்தாள், வெயிலில் கண்ணைச் சுருக்கினாள், ஆஸ்பத்திரி வாசலில் நின்றாள். மறுநாள் பதிவிலும் கும்பிட்டாள், நடந்தாள். அதற்கு மறுநாளும் அதே.

அட, இவள் வாயே திறக்கவில்லையே!

நாற்பத்தோரு நிமிடம் இந்த வாயாடி வாயை மூடிக்கொண்டிருந்தாள் என்றால் பெற்ற தாய்கூட நம்பமாட்டாள். நிமிஷக்காரர் ரிமோட்டை எடுத்தார். பன்னிரண்டு வருடமாகத் தொடாத பொத்தான். அமுக்கிச் சத்தத்தை வைத்தார்.

"...ஆஸ்பத்திரியில் காணாமல் போன மருந்துகள் எங்கே? முன்னாள் நர்ஸைச் சுற்றி எழும் கேள்விகள்..." என்றது ஒரு பெண் குரல். திரையில் வாயாடி எல்லாரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கேள்விகளை யார் எழுப்பினார்கள், எந்த மருந்து, என்றைக்குக் காணாமல் போனது, எதுவும் கிடையாது. எல்லா நாளும் இதே கேள்விதான். தங்கையின் சொந்தக் குரலை மட்டும் தனியாக அளந்தார். எழுபது நொடி. மிச்சம் முழுக்க அவள் சிரிக்கச் சிரிக்க அவளைத் திருடியாக்கிய நேரம். அத்தனைக்கும் கீழே அவருடைய கையெழுத்து.

ஆசிரியரின் அறைக்குள் நிமிஷக்காரர் புயலாக நுழைந்தார்.

"படிவத்துல 'தோன்றிய நேரம்'னுதானே இருக்கு சார்? நீங்க சரியாத்தான் அளந்திருக்கீங்க" என்றார் ஆசிரியர், கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நான் சத்தத்தை அணைச்சுட்டுப் பார்ப்பேன்னு உங்களுக்குத் தெரியும்."

"இங்க யாருக்குத் தெரியாது? அதைத்தானே நீங்க ஊர் பூரா சொல்லிக்கிட்டுத் திரியுறீங்க."

தோளில் தட்டிய தட்டு எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தார். தன் மேல் வந்த ஆத்திரத்தில் பாதிகூட அந்த ஆள் மேல் வரவில்லை.

மறுநாள் விசாரணை அறையில் அவர் நிலையத்தின் பக்கம் உட்காரவில்லை. அதிகாரிகள் மூன்று பேர் முன்னால் எழுந்து நின்று, தான் அளந்த விதத்தையும், தங்கையின் மூடியிருந்த வாயையும், எழுபது நொடியையும் சொன்னார். "கையெழுத்து என்னுது. அதை நம்பாதீங்க" என்று முடித்தார். ஆசிரியர் முகத்தில் ஈயாடவில்லை. நடுவில் இருந்த அதிகாரி, அரை மணியில் முடிவு சொல்கிறோம் என்று எல்லாரையும் வெளியே அனுப்பினார். தன் வேலை போய்விட்டது என்பது நிமிஷக்காரருக்குத் தெரியும். தங்கை கட்டிக்கொண்டு அழுவாள் என்று எதிர்பார்த்தார்.

தாழ்வார பெஞ்சில் வாயாடி தள்ளித்தான் உட்கார்ந்தாள்.

"வேணும்னே பண்ணினேன்னு நெனச்சியா?" என்றார்.

"நேத்து வரைக்கும் அப்படித்தான் நெனச்சேன்." அவர் பக்கம் திரும்பினாள். "அந்த எழுபது நொடியும் ஓடுச்சுல்ல? அது ஓடினப்பக்கூட நீ கேக்கலையா? ஒரு மாசமா ஊரெல்லாம் நான் தொண்டை கிழியக் கத்தினதுல ஒரு வார்த்தைகூட உன் காதுல விழலையா?"

அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். கண் நிறைந்துவிட்டது.

"இப்ப சொல்லும்மா. கேக்குறேன்."

வாயாடி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எத்தனை நிமிஷம் தருவே?" என்று கேட்டாள்.