நான் மறுக்காத பதவி

எனக்கு எண்பத்துநாலு வயது. காது மந்தம், முழங்கால் சொன்ன பேச்சுக் கேட்பதில்லை, கோபம் மட்டும் இன்னும் இளமையாக இருக்கிறது. சபைப் பள்ளிக்கூடத்தில் முப்பத்தாறு வருஷம் மூன்றாம் வகுப்பு எடுத்தேன். ஞாயிறு பள்ளி ஐம்பது வருஷம். மூன்று பிள்ளைகளைப் பெற்று வளர்த்தேன். இதற்கெல்லாம் சேர்த்து சபையில் எனக்குப் பாராட்டு விழா எடுத்தார்கள். உயிரோடு இருக்கிறவளுக்கு இரங்கல் கூட்டம் என்று நான் சொன்னதற்கு யாரும் சிரிக்கவில்லை.

விழாவுக்கு முந்தின நாள் மத்தியானம் சபைச் செயலாளர் வந்தான். என்னிடம் படித்தவன். வகுப்பிலேயே நெட்டை என்பதால் ஒட்டகம் என்று பெயர். இப்போது பேரன் எடுத்துவிட்டான், பெயர் மாறவில்லை. கையில் என் வாழ்க்கைக் குறிப்பு, நாலு பக்கம்.

"டீச்சர், பிழை இருந்தா திருத்திக் குடுத்துடுங்க. நாளைக்குப் போதகர் இதைத்தான் வாசிக்கப்போறாரு."

"அச்சடிச்சாச்சா?"

"நானூறு காப்பி."

அச்சடித்துவிட்டுப் பிழை பார்க்கக் கொடுக்கிறவனை நான்தான் மூன்றாம் வகுப்பில் தேர்ச்சி போட்டேன். யாரை நோக? சிவப்புப் பேனாவை எடுத்தேன். முதல் பக்கத்தில் என் பிறந்த வருஷம் தப்பு. இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது.

'தலைமையாசிரியர் பதவி தேடி வந்தபோதும், குடும்பத்துக்காகவும் திருச்சபைக்காகவும் அதைப் புன்னகையோடு மறுத்தவர்.'

இரண்டு தடவை படித்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மூன்றாம் தடவையும் படித்தேன்.

"இது யாரு கதை?"

"உங்க கதைதான் டீச்சர்! பழைய கமிட்டி நோட்டுல இருந்துச்சு. நாளைக்கு ஹைலைட்டே இதுதான்."

"அந்த நோட்டை எடுத்துட்டு வா."

"இப்பவா?"

கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தேன். அந்தப் பார்வை அவனுக்கு ஞாபகம் இருந்தது. அரைமணியில் நோட்டோடு வந்தான்.

முப்பத்தெட்டு வருஷத்துக்கு முந்தைய பக்கம். எனக்கு அப்போது நாற்பத்தாறு. தலைமைப் பொறுப்புக்கு என் பெயரைக் கமிட்டி ஒருமனதாகத் தேர்ந்தெடுத்திருக்கிறது. கல்யாணமான டீச்சர் என்றால் எந்தக் கடிதத்தையும் வீட்டுக்காரர் கையில்தான் கொடுப்பது அந்தக் கமிட்டியின் வழக்கம். கொடுத்திருக்கிறார்கள். அடுத்த வாரக் குறிப்பில், 'அம்மையாரின் கணவர் நேரில் வந்து, அம்மையாருக்கு விருப்பமில்லை எனத் தெரிவித்தார். அம்மையாரின் தியாகத்தைக் கமிட்டி மெச்சுகிறது.'

ஆறு பேர் கையெழுத்து. ஒருத்தருக்கும், ஞாயிறுதோறும் சபையில் எதிர் வரிசை பெஞ்சில் உட்கார்ந்திருந்த என்னிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

பதவி எனக்கு ஆறு வருஷம் இளையவரான டிராயிங் மாஸ்டருக்குப் போனது. அவருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. பன்னிரண்டு வருஷம் அவர் தூங்கினார், நான் டைம்டேபிள் போட்டுக்கொடுத்தேன். அதுகூடப் போகட்டும். எனக்கு ஏன் கிடைக்கவில்லை என்று நான் என்னையே தோண்டிப் பார்க்காத நாளில்லை. ஒரு பிள்ளையை ஸ்கேலால் அடித்தேனே, அதுவா? ஒரு வருஷம் நாலு பேர் ஃபெயிலானார்களே, அதுவா? கடைசியில், பதவிக்கு ஆசைப்பட்டதே பாவம் என்று முடிவுகட்டி, அந்தப் பெருமைக்காகத் தினமும் முழங்காலில் நின்று ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டேன். பக்கத்திலேயே என் வீட்டுக்காரரும் முழங்காலில் நிற்பார். நான் அழுவேன். அவர் ஆமென் சொல்வார்.

ஆமென்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டுச் சொன்ன ஆமென். அவர் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. செத்தவரோடு சண்டை போட முடியாது என்பதுதான் அன்றைக்கு எனக்கு இருந்த பெரிய வயிற்றெரிச்சல்.

சாயங்காலம் பெரியவன் வேலையிலிருந்து வந்தான். அவன் வீட்டில்தான் நான் இருக்கிறேன். நோட்டை அவன் முன்னால் வைத்தேன். அவன் படிக்கவில்லை. மூடி வைத்தான். படிக்காமலே மூடுகிறவனுக்கு உள்ளே இருப்பது தெரியும்.

"உனக்குத் தெரியுமாடா?"

"அம்மா, அது பழைய கதை."

"தெரியுமா, தெரியாதா?"

"தெரியும். அப்பாதான் சொல்லவேண்டாம்னாரு. எனக்கு அந்த வருஷம் பரீட்சை. நீங்க லேட்டா வந்தா வீடு என்ன ஆகும்னு..."

"அப்பா போனப்புறம்?"

"நீங்க நிம்மதியா இருந்தீங்க. எதுக்குக் கிளறணும்னு..."

நிம்மதியாம். அந்தப் பரீட்சையில் அவன் கணக்கில் கோட்டைவிட்டான் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். நான் இரவுச் சாப்பாட்டுக்கு எழுந்துபோகவில்லை. மருமகள் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போனாள்.

ஒட்டகத்தைப் போனில் கூப்பிட்டு, அந்த வரியை வாசிக்கக் கூடாது என்றேன். சரி சரி என்றான். மறுநாள் சபை நிறைந்திருந்தது. போதகர் சின்ன வயசு, நல்ல குரல். அந்த வரி வந்ததும் குரலை இன்னும் உருக்கி வாசித்தார். "புன்னகையோடு மறுத்தவர்!" கைதட்டல் கூரையைப் பிய்த்தது. முன்வரிசையில் பெரியவனும் தட்டினான். அவன் கை தட்டியதை என் கண்ணால் பார்த்தேன்.

எழுந்துபோய் மைக்கைப் பிடித்தேன். நன்றி சொல்லப்போகிறேன் என்று இன்னொரு தடவை தட்டினார்கள்.

"நான் மறுக்கலை. என்னை யாரும் கேட்கவே இல்லை."

கைதட்டல் பாதியில் நின்றது.

"கமிட்டி என் வீட்டுக்காரரைக் கேட்டுச்சு. அவரு எனக்கு வேண்டாம்னு சொல்லிட்டாரு. எனக்கு நேத்துதான் தெரியும். எனக்குத் தகுதி இல்லைன்னு நினைச்சு முப்பத்தெட்டு வருஷம் வாழ்ந்திருக்கேன்."

போதகர் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். "டீச்சர், எல்லாம் கர்த்தருடைய சித்தம்."

"கர்த்தர் அந்தக் கமிட்டியில இல்லைங்க. கையெழுத்தெல்லாம் பார்த்துட்டேன்."

யாரோ களுக்கென்று சிரித்து வாயை மூடிக்கொண்டார்கள்.

"செய்யாத பாவத்துக்கு நான் தினமும் மன்னிப்புக் கேட்டேன். செஞ்சவங்க ஒருத்தர்கூட என்கிட்ட கேட்கலை. செத்தவங்களை விடுங்க. தெரிஞ்சும் வாயை மூடிட்டு இருந்தவங்க இங்கே உட்கார்ந்திருக்காங்க."

மூன்றாம் வகுப்பில் தப்புச் செய்தவன் தானாக எழுந்திருக்கும் வரை நான் அடுத்த பாடத்துக்குப் போனதில்லை. முழங்கால் வலித்தது. நின்றேன். ஒட்டகம் தரையைப் பார்த்தான். போதகர் வேதப் புத்தகத்தைப் புரட்டினார். கடைசியில் பெரியவன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். ஐம்பத்துநாலு வயசு, தலை நரைத்தவன்.

"மன்னிச்சிருங்கம்மா."

மைக்கை விடாமல் அவனைப் பார்த்தேன்.

"சத்தமாச் சொல்லு. கடைசி பெஞ்சுக்குக் கேட்கலை."